மூன்றாம் ஆள்

ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒற்றை விரலால் மேசையின் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார் இன்சூரன்ஸ் ஏஜெண்டு கோவர்தன். தள்ளிய விரலில் பச்சைக்கல் மோதிரம் இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, எஸ்.டி.டி. பூத்துக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைக்குப் புவனேஸ்வரி வருவது இது முதல் தடவையில்லை. காலையில் வந்தால் சாயங்காலம் வா என்பார். சாயங்காலம் வந்தால் அறை பூட்டியிருக்கும். இன்றைக்குத்தான் ஆள் அகப்பட்டார். உட்காரச் சொல்லவில்லை. எதிரில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"வண்டி பழசு. உனக்கு வயசு பத்தொம்பது. அதுலயும் பொம்பளப் புள்ள. எந்தக் கம்பெனிமா போடுவான்?"

"தேர்டு பார்ட்டி மட்டும் போதும் சார், அடிபட்டவங்களுக்குக் குடுக்கறது. அது கேட்டா போட்டுத்தான் தரணும்னு சொன்னாங்க."

"யாரு?"

"டிரைவிங் ஸ்கூல்ல."

"அப்போ அவங்ககிட்டயே போட்டுக்க." சிரித்தார். பிறகு, நல்ல மனதோடு சொல்கிறவர்போலக் குரலைத் தணித்துக்கொண்டார். "இதோ பாரு. வெறும் தேர்டு பார்ட்டி போட்டா என் கைக்கு ஒரு டீக்காசு வராது. கம்பெனிக்கும் நஷ்டம். ஃபுல் பாலிசி போட்டுக்க. கூடவே உன் பேர்ல ஒரு லைஃப் பாலிசி. நாளைக்குக் கல்யாணத்துக்கு ஒதவும். ரெண்டையும் சேத்து நானே முடிச்சிக் குடுத்துடறேன்."

அவர் சொன்ன தொகைக்கு அந்த வண்டியைப்போல இன்னொன்றை வாங்கி நிறுத்தலாம். புவனேஸ்வரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காதுமடல்தான் சுடும். பாதிப் படியிலேயே சுட ஆரம்பித்துவிட்டது. இல்லை என்று சொன்னதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. பொம்பளப் புள்ள என்று சொன்னபோது அந்த ஆள் அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னதுதான் ஆறவில்லை.

வேலை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்த கையோடு சின்ன காஞ்சிபுரத்தில் முரளீதரன் என்பவரின் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கேட்டுப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஆள் இருந்தது. ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துவரத்தான் ஆள் இல்லை. கூரம், ஏனாத்தூர், அதைத் தாண்டிய ஊர்களில் சின்னச் சின்ன கிளினிக்குகள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும். பஸ்ஸை நம்பி அது நடக்காது. முன்பு செய்துகொண்டிருந்த பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். பைக் ஓட்டுவேன் என்று அவள் சொன்னதும் முரளீதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஆனால் சிரிக்கவில்லை. "லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூணும் சரியா இருக்கணும்மா. போன வருஷம் அந்தப் பையனைப் போலீஸ் புடிச்சு வெயில்ல நிக்க வச்சுட்டான். அன்னிக்கு எடுத்த ரத்தம் அத்தனையும் வீணாப் போச்சு. திரும்பவும் போய் அதே ஜனங்களைக் குத்தணும். மூணும் இருந்தா திங்கக்கிழமை வா. இல்லாட்டி வேற ஆளைப் பாத்துடுவேன்" என்றார். அதில் அவளுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லைசென்ஸ் இருந்தது. வண்டியும் இருந்தது.

அந்த வண்டி அவர்கள் வீட்டுக்கு வந்த விதம் பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெருவுக்கே தெரியும். அவளெதிரில் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில், நெசவாளர் சொசைட்டியில் நெய்த சேலையைக் கொடுத்துவிட்டு ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்த அவள் அப்பா குமாரசாமியின்மேல் ஏறிய வண்டி அது. ஓட்டி வந்தவன் சிவராஜ் என்று செவிலிமேட்டுப் பையன். அப்போது அவனுக்குப் பதினெட்டு முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கலாம். குமாரசாமியின் வலது கால் முட்டிக்கு மேலும் கீழும் நொறுங்கிப்போனது. பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். கால் ஒட்டியது, மடங்கவில்லை. தறிக்குழியில் இறங்கி மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிக்க இரண்டு காலும் வேண்டும். ஆண்டாண்டாக அவர் உட்கார்ந்த இடத்தில் இப்போது அம்மா வடிவாம்பாள் உட்கார்ந்தாள். அவர் சுவரோரமாக, நீட்டிய காலை நீட்டியபடியே வைத்துக்கொண்டு, இராட்டையில் மனைவிக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தார்.

கோர்ட்டுக்குப் போனால் நஷ்டஈடு கிடைக்கும் என்று யாரோ சொல்லி ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார்கள். வக்கீல் கட்டுப்போட்ட காலைப் பார்க்கவில்லை. "அடிச்ச வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குதா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் பேனாவை மூடிவிட்டார். "கேஸ் ஜெயிக்கலாம்மா. தீர்ப்பையும் வாங்கலாம். சாயப்பட்டறையில வேலை செய்யறவன்கிட்ட எத்த வாங்குவ?" கடைசியில் இரண்டு தெருப் பெரியவர்களும் பிள்ளையார் கோவிலில் உட்கார்ந்து பேசி, அவனிடம் இருக்கிற ஒரே சொத்து அந்த வண்டிதான், அதைக் குமாரசாமிக்குக் கொடுத்துவிடட்டும் என்று முடித்தார்கள். முன்பக்கம் வளைந்திருந்த வண்டியை ஒரு காலையில் யாரோ தள்ளிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்கள். விற்கப் பார்த்தார்கள். பேர் மாற்றாத வண்டி, ஆளை அடித்த வண்டி என்று வந்தவர்கள் எல்லாம் தட்டிக் கழித்தார்கள். நடையிலேயே கிடந்தது. போகிறபோதும் வருகிறபோதும் அதன் கைப்பிடி இடுப்பில் இடிக்கும். அப்படி இடித்த ஒரு நாளில்தான், இது எதற்காவது உதவட்டும் என்று புவனேஸ்வரி முடிவு செய்தாள். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஓட்டப் பழகி, எட்டுப் போட்டு, லைசென்ஸ் வாங்கினாள். தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லி இந்த வண்டியின் முன்பக்கத்தை நிமிர்த்தினாள். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

கோவர்தனைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் வடிவாம்பாள் தறியிலிருந்தபடியே ஒரு வழி சொன்னாள்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடையில அச்சு அசலா அடிச்சிக் குடுக்குறாங்களாம் புவனா. சீலு, கையெழுத்து எல்லாம் இருக்குதாம். முனிரத்தினம் வூட்டுப் பையன் அத்த வச்சிக்கினுதான் ஓட்டிக்கினு இருக்கான். போலீஸ்காரனுக்குத் தெரியவா போவுது?"

"அது டூப்ளிகேட்டுமா."

"இருந்தா இன்னா? கேட்டா காட்டறதுக்கு ஒரு காயிதம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான இருக்குறாங்க. நீ மட்டும் ஏன் அலையற?"

இராட்டையின் சத்தம் நின்றது. குமாரசாமி தாரை விரலில் பிடித்தபடியே பேசினார். வண்டியைப் பற்றி அவர் வாய்திறந்தது அன்றைக்குத்தான்.

"நாளைக்கு இது போயி எவன் மேலயாவது ஏத்திட்டா? அவன் வூட்டுக்கு எத்தக் குடுக்கறது? மறுபடியும் இதே வண்டியவா?"

வடிவாம்பாள் தறியை மிதித்தாள். இராட்டை மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஏஜெண்டு வேண்டாம், கம்பெனிக்கே போகலாம் என்று மறுநாள் புவனேஸ்வரி காந்தி ரோட்டுக்குப் போனாள். பட்டுக்கடைகள் நெருக்கியடித்த அந்தச் சாலையில், ஒரு மாடியில், இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை இருந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அவளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். மானஸா என்று பெயர்ப்பலகை. ஆர்.சி. புத்தகத்தை இவளாவது பிரித்துப் பார்த்தாள்.

"வண்டி உங்க பேர்ல இல்லையே. உங்க பேருக்கு மாத்திட்டு வாங்க."

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஜன்னலுக்குள் இருந்தவர், "பேர் மாத்தணும்னா இன்சூரன்ஸ் இருக்கணும். போட்டுக்கினு வா" என்றார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். திரும்பக் காந்தி ரோட்டுக்கு வந்தாள். மானஸா கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தி, "பழைய ஓனரே வந்து கையெழுத்துப் போட்டா அவர் பேர்லயே போடலாம். அப்புறம் நீங்க மாத்திக்கலாம். வண்டியையும் கொண்டுவரச் சொல்லுவார் மேனேஜர்" என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது தவறோ என்பதுபோல உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பழைய ஓனர் என்றால் சிவராஜ். அவன் முகத்தை அவள் ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறாள். ஈரச் சட்டையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். இந்த இரண்டு வருஷத்தில் மனதுக்குள் அவனைத் திட்டாத நாள் குறைவு. அம்மா தறியிலிருந்து எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் திட்டினாள். அப்பா கக்கூஸுக்குப் போய்வரப் படும் பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் திட்டினாள். ஒரு இன்சூரன்ஸ் போட வக்கில்லாதவன் எதற்கு வண்டி வாங்கினான் என்று கேட்டுக்கொள்வாள். அந்தக் கேள்விக்கு அவளே ஒரு பதிலும் வைத்திருந்தாள். திமிர். வயசுத் திமிர்.

சாயப்பட்டறையில் கொதிக்கும் அண்டாவின் ஆவிக்கு நடுவிலிருந்து அவன் வெளியே வந்தான். முழங்கை வரைக்கும் அரக்குச் சிவப்பு. அவளைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

"யாரும் வரல. ஒரு கையெழுத்து வேணும்" என்றாள் புவனேஸ்வரி. விஷயத்தைச் சொன்னாள்.

"எங்க வேணா போடறேன்மா" என்றான். கையைச் சட்டையில் துடைத்தான். சாயம் போகவில்லை. "உங்க நைனா எப்படி இருக்காரு?"

அந்தக் கேள்வியைக் கேட்க இவனுக்கு என்ன உரிமை என்று அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. திரும்பி நடக்கப் போனவள் நின்றுவிட்டாள். இரண்டு வருஷமாக மனதுக்குள் கேட்டதை நேராகக் கேட்டாள்.

"இப்போ நான் அலையறேனே, அது மாதிரி அன்னிக்கு நீ ஏன் ஒரு இன்சூரன்ஸ் போடல?"

பட்டறை உள்ளிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். வர்றேன் என்று குரல் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"போடத்தான்மா போனேன். கூலியில புடிச்சி வச்சி வாங்கின வண்டி. என் பேருக்கு மாத்தினதுமே பழைய ஓனர் போட்ட இன்சூரன்ஸ் முடிஞ்சிபோச்சு. மறுநாளே போனேன். பதினெட்டு வயசுப் பையன், பழைய வண்டி, எவன் போடுவான்னாரு. பெரிய பாலிசியா போட்டுக்க, கூட லைஃப் பாலிசி போட்டுக்கன்னாரு. அவ்ளோ துட்டுக்கு நான் எங்க போறது? காந்தி ரோட்டு ஆபீசுக்கும் போனேன். ஏஜெண்டைப் போய்ப் பாருன்னு அவர்கிட்டயே தொரத்திவுட்டாங்க. சரி, தீவாளி போனசு வரட்டும்னு ரெண்டு மாசம் உட்டுட்டேன். அதுக்குள்ள..." நிறுத்திக்கொண்டான். "வேகமாத்தான் வந்தேன். அது என் தப்புதான். அத்த நான் இல்லன்னு சொல்லல."

"எந்த ஏஜெண்டு?"

"பஸ் ஸ்டாண்டு எதிர்ல, மாடியில. கோவர்தன்னு பேரு."

புவனேஸ்வரிக்குக் காதுமடல் சுடவில்லை. உள்ளங்கால் சில்லென்றது. இத்தனை நாளாக அவளுடைய கோபத்துக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு ஈரச் சட்டை இருந்தது. அதைப் பார்த்துத் திட்டுவது சுலபமாக இருந்தது. இப்போது அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு மேசையும், காலண்டரும், காலியான நாற்காலியும் தெரிந்தன. இவனை அவளால் மன்னிக்க முடியவில்லை. வேகமாக வந்தவன் வேகமாக வந்தவன்தான். ஆனால் வக்கீல் பேனாவை மூடியதற்கு, தெருப் பெரியவர்கள் வளைந்த வண்டியை நஷ்டஈடு என்று கொண்டுவந்து நிறுத்தியதற்கு, இவன் மட்டுமே காரணமில்லை. அன்றைக்கு இவனுக்கு அந்தக் காகிதத்தைக் கொடுத்திருந்தால் அப்பாவுக்குக் கம்பெனி கொடுத்திருக்கும். கொடுக்க வேண்டிவரும் என்றுதான் காகிதத்தையே கொடுக்கவில்லை.

"நாளைக்குக் காலையில வூட்டுக்கு வந்துடு. வண்டியோட போவணும்" என்றாள்.

வந்தான். தெருமுனையிலேயே நின்றான். வீட்டு வாசலுக்கு வரவில்லை. புவனேஸ்வரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஓட்டிக்கினே போயிடலாமேமா, கிட்டத்துலதான்."

"இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டக்கூடாது."

அவன் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தான். வைகாசி முகூர்த்த நாள். கல்யாணச் சேலை எடுக்க வெளியூர்க் கார்கள் காந்தி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று கடை வாசலில் நின்றவர்கள் கேட்டார்கள். செயின் அறுந்துபோச்சா என்று ஒரு ஆட்டோக்காரர் இறங்கியே வந்துவிட்டார். ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருக்குது என்று அவள் சொன்னபோது அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். வேர்வை வழிய வழிய அவளுக்கு ரோஷமும் கூடிக்கொண்டே வந்தது. சட்டப்படி நடக்கிறவர்கள்தான் இந்த ஊரில் வேடிக்கைப் பொருள் என்று நினைத்துக்கொண்டாள்.

மேனேஜரின் அறையில் கோவர்தன் இருந்தார். அவருக்கு நாற்காலி போட்டிருந்தது. கையில் காபி. சிவராஜை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளைத் தெரிந்தது.

"இந்தப் பொண்ணு என்கிட்டயும் வந்துச்சு சார். நல்ல ஸ்கீமா சொன்னேன். கேக்கல."

மேனேஜர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். மோசமானவர் என்று முகத்தைப் பார்த்தால் தோன்றாது. வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மனிதராகத்தான் இருப்பார். "ஆக்ட் பாலிசி, அதான் வெறும் தேர்டு பார்ட்டி, இப்ப நாங்க போடறதில்லம்மா. டூ வீலர்ல தேர்டு பார்ட்டி கிளைம் ஜாஸ்தி. கம்பெனிக்கு லாஸ். வண்டியும் பழசு, நீயும் சின்னப் பொண்ணு. ஏஜெண்ட் சொல்றபடி செய். இல்லன்னா கொஞ்ச நாள் பஸ்ல போ."

"இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினா போலீஸ் புடிக்குது சார். கட்டாயம்னு சட்டம் சொல்லுது. நீங்க போடமாட்டேன்னா நான் எங்க சார் போறது?"

"அதெல்லாம் மேலிடத்துல கேக்க வேண்டிய கேள்விம்மா."

"நஷ்டம், நஷ்டம்னு சொல்றீங்களே, யாருக்கு சார்?"

"சொன்னேனே. தேர்டு பார்ட்டின்னா..."

"தேர்டு பார்ட்டின்னா எங்க நைனா சார்."

அவள் குரலை உயர்த்தவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவனைக் காட்டினாள்.

"இவரு அன்னிக்குப் பதினெட்டு வயசுல உங்ககிட்ட வந்தாரு. இதே வண்டிக்குத்தான் வந்தாரு. இதோ உக்காந்து காபி குடிக்கிறாரே, இவர்கிட்டயும் போனாரு. இதேதான் சொல்லித் தொரத்தியிருக்கீங்க. ரெண்டு மாசம் கழிச்சி இந்த வண்டி எங்க நைனா மேல ஏறிச்சு. எங்க நைனா தறியில எறங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. உங்களுக்கு லாஸ் ஆவல சார். நல்லா மிச்சம் ஆயிருக்குது."

கோவர்தன் அப்போதுதான் சிவராஜைக் கூர்ந்து பார்த்தார். காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "எத்தனையோ பேர் வர்றாங்க. எல்லாரையும் ஞாபகம் வச்சிக்க முடியுமா?" என்றார், யாரைப் பார்த்தும் இல்லாமல்.

"உணர்ச்சிவசப்படாதேம்மா" என்றார் மேனேஜர். "நடந்ததுக்கு வருத்தப்படறேன். அதுக்காக ஆபீஸ் பாலிசியை நான் மாத்த முடியாது."

"மாத்த வேணாம் சார். போடமாட்டோம்னு எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு, சீல் வச்சிக் குடுங்க. நான் போயிடறேன்."

"அது எதுக்கு?"

"நாளைக்குப் போலீஸ் புடிச்சா காட்டறதுக்கு. நான் போயி கேட்டேன், இவங்க இல்லன்னுட்டாங்கன்னு காட்டறதுக்கு. அது கூட இல்லாம நான் இங்கேந்து போவல சார்."

கதவுக்கு வெளியே கவுண்டரில் நின்றிருந்தவர்களும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த லாரி ஷெட்காரர் ஒருவரும் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை இழுத்தார். தேதி போட்டார். 'தங்களுடைய விண்ணப்பம்' என்று ஆரம்பித்தார். 'கீழ்க்கண்ட காரணத்தினால்' என்று எழுதினார். அங்கே பேனா நின்றது. வயது என்று எழுத முடியாது. பெண் என்று எழுத முடியாது. வண்டி பழையது என்று எழுதினால் அதற்கு எந்த விதி என்று கேட்பார்கள். நஷ்டம் என்று எழுதினால் அதைவிடக் கேவலம். பேனா முனை தாளிலேயே ஊன்றி நின்றதில் மை ஊறிப் பொட்டாகப் பரவிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக, அதற்கு முன்னாலும் எத்தனையோ வருஷமாக, எத்தனையோ பேரைத் திருப்பியனுப்பிய அந்தக் காரணத்துக்கு எழுத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று புவனேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். "மானஸா" என்று கூப்பிட்டார். "இந்தப் பொண்ணுக்கு ஆக்ட் பாலிசி ஒண்ணு போட்டுக் குடுத்துடு."

வண்டியை யாரும் கீழே இறங்கிவந்து பார்க்கவில்லை. மானஸா தலை நிமிராமல் தட்டினாள். சிவராஜ் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். அவன் விரல் பட்ட ஓரத்தில் லேசாகச் சிவப்பு ஒட்டியது. பிரிண்டர் கிர்ரென்று இழுத்து இழுத்து அடித்தது. சீல் விழுந்தது. புவனேஸ்வரி கொடுத்த பணத்தில் மீதிச் சில்லறையும் வந்தது. உள்ளே கோவர்தனின் காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காகிதத்தைக் கையில் வாங்கியபோது அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இவ்வளவுதானா என்றுதான் இருந்தது. ஒரு பெரிய பாறையைப் புரட்டப் போகிறோம் என்று முண்டாசு கட்டி வந்தவளுக்கு, அது பாறையே இல்லை, வாசலில் யாரோ வேண்டுமென்றே போட்டுவைத்த நாற்காலி என்று தெரிந்த மாதிரி இருந்தது. இந்தக் கிர்ரென்ற சத்தம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அப்பாவின் காலுக்குள் இருக்கும் கம்பி நினைவுக்கு வந்தது. மானஸா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கீழே இறங்கி வண்டியை எடுக்கும்போது பின்னாலேயே கோவர்தன் வந்தார். மேலே நடந்தது எதுவும் நடக்காததுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார்.

"அடுத்த வருஷம் ரினியூவலுக்கு என்கிட்டயே வாம்மா. ஆபீஸ் வரைக்கும் அலைய வேணாம்."

புவனேஸ்வரி கார்டை வாங்கினாள். அவருடைய ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றது. அதன் சீட்டின்மேல், வெயிலில், கார்டை வைத்தாள்.

"உங்க ஸ்கூட்டருக்கு இருக்குதா சார்?"

"எனக்கு இல்லாமலாம்மா" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சிவராஜ் ஓரமாக நின்றிருந்தான். "பட்டறைக்கு நேரம் ஆவுதுல்ல, ஏறு. விட்டுட்டுப் போறேன்" என்றாள். அவன் வண்டியைப் பார்த்தான். சீட்டை ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். "வேணாம்மா. நடந்தே போயிடறேன்" என்றான். நாலடி போனவன் திரும்பி வந்தான்.

"உங்க நைனாகிட்ட சொல்லுவியாமா? நான் போடப் போனேன்னு?"

"நீயே வந்து சொல்லு."

அவன் கார்களுக்கு நடுவில் புகுந்து போய்விட்டான். வருவானா என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்தால் அப்பா அவனை உட்காரச் சொல்வாரா என்றும் தெரியவில்லை.

வீட்டில் வண்டிச் சத்தம் கேட்டு வடிவாம்பாள் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். குமாரசாமி இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க நைனா."

"ரொம்ப நேரம் ஆச்சா?"

அவள் அவருடைய நீட்டிய காலைப் பார்த்தாள். "ஆமா நைனா" என்றாள். "ரொம்ப நேரம் ஆச்சு. பெரிய வேலையா இருக்குது அது."

"இருக்கும், இருக்கும்" என்றார் குமாரசாமி. அவருக்கு அது ஆறுதலாக இருந்தது போலிருந்தது. புவனேஸ்வரி கொல்லைக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

திங்கட்கிழமை விடியலில் கூரத்துக் கிளினிக்கில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். லேப்பிலிருந்து வருவது பையன் இல்லை, பெண் என்றதும் ஒரு கிழவர் நிம்மதியாகக் கையை நீட்டினார். ரத்தம் எடுத்து, பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டியைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு அவள் திரும்பியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அறுப்பு முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் கட்டையாகக் கிடந்தன. ஏரிக்கரை திருப்பத்தில், சாலையின் குறுக்கே, ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு வாத்துக் கூட்டம் கடந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான வாத்துகள். மேய்ப்பவர் நீளக் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு நடுச்சாலையில் நடந்தார். வண்டி வருகிறது என்று அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை, கை காட்டவும் இல்லை.

புவனேஸ்வரி நடுச்சாலையிலேயே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை. மறுபடியும் அடித்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஓரமா போம்மா, வாத்துதான, ஒதுங்கிக்கும்" என்று கத்தினார். அவள் திரும்பவில்லை. கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. வாத்துகள் அதைச் சட்டை செய்யாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தன. கூட்டத்திலிருந்து ஒன்று மட்டும் பிரிந்து வந்து அவளுடைய முன்சக்கரத்தடியில் நின்றது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு டயரில் ஒட்டியிருந்த வைக்கோல் துணுக்கை நிதானமாகக் கொத்த ஆரம்பித்தது.